குறுக்கே கிடந்த தழை

மாதையா,

நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். பென்னாகரம் சந்தைக்குப் போகும்போதெல்லாம் உன் ஆத்தா உன் வீட்டுக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்து, நீ இளைத்ததையும் பேரனுக்குப் பல் முளைத்ததையும் சொல்கிறாள். நான் காதில் விழாதவன்போலக் கயிறு திரித்துக்கொண்டிருப்பேன். கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். போன சந்தையன்று அவள் கொண்டுவந்த செய்திக்காகத்தான் இந்தக் காகிதம். ஆடிப்பெருக்கன்று பேரனுக்கு முதல் முடி எடுக்கப்போகிறாயாம். அதுவும் பங்களாப் பூங்காவின் படித்துறையில் எடுக்கப்போகிறாயாம். "அப்பன கட்டாயம் வரச்சொல்லு ஆத்தா. அந்தப் பாதையில இப்ப கொழந்தகூடத் தள்ளாடிக்கிட்டே போலாம், அவ்வளவு சுளுவா இருக்குது" என்றாயாம்.

நான் வரமாட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். படித்துக்கொண்டே போகும்போது நடுவில் எங்கேயோ கிழவன் இளகிவிட்டான் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் என் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் இறங்குவதற்கு முன் உனக்குத் தெரியவேண்டியது ஒன்று இருக்கிறது. இத்தனை நாளும் நான் அதைச் சொல்லவில்லை. உன் ஆத்தாவையும் சொல்லவிடவில்லை. எழுத்து எனக்கு யாரும் கைபிடித்துச் சொல்லித்தந்ததல்ல என்பது உனக்குத் தெரியும். காட்டு எல்லைக் கல்லில் செதுக்கியிருந்ததைப் பார்த்தும், புளியும் மிளகாயும் கட்டிவந்த காகிதத்தைப் பார்த்தும் நானே சேர்த்துக்கொண்ட எழுத்து இது. பிழை இருந்தால் இருக்கட்டும். விஷயத்தில் பிழை இல்லை.

அந்தப் பாதை சுளு என்று எல்லோரும் சொல்கிறார்கள். தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருகிறவர்கள் செருப்புக்கூடக் கழற்றாமல் ஆற்றோரமாக நடந்து, மருத மரத்து நிழலில் நின்று காற்று வாங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கற்கள், உட்காரக் கல்பெஞ்சு, கடைசியில் தண்ணீர்வரை இறங்கும் படி. எல்லாம் நீ முன்னால் நின்று செய்தது. அது சுளுவான வழியாக எப்படி ஆயிற்று என்று அவர்களில் ஒருவனும் கேட்டதில்லை. மேட்டூரில் அணை கட்டித் தண்ணீர் மேலே ஏறி வந்த வருஷங்களில் கீழே இருந்த பழைய ஒற்றையடிப் பாதையெல்லாம் முழுகிப்போயிற்று. அப்போதுதான் காட்டிலாகாத் துரை வந்து கரையைச் சுற்றிப் பார்த்தார். கரை முழுக்கப் பாறையும் முள்ளுமாகச் செங்குத்தாக இருக்க, அந்த ஓர் இடம் மட்டும் அகலமாக, முள் இல்லாமல், மாட்டு வண்டிகூட இறங்கும்படி சரிந்து கிடந்தது. ஆண்டவன் போட்டு வைத்த பாதை என்று சொல்லி அங்கேயே கல்லை நடச் சொன்னார். ஆண்டவன் போடவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்கு இறங்கிய யானைகள் மிதித்துச் சரித்த கரை அது. அவை நடப்பதற்குச் சுளுவாக இருந்ததால்தான் உங்களுக்கும் சுளுவாக இருக்கிறது. இது உனக்குத் தெரியாததல்ல. என் பட்டியில் மாடுகளுக்கு நடுவே வளர்ந்தவன் நீ. காட்டிலாகாக் காக்கி போட்டபின் அதைச் சொன்னால் மேலதிகாரி முகம் சுளிப்பார் என்று விட்டுவிட்டாய்.

தழை விஷயமும் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். இந்தக் காகிதத்தை என் மருமகள் சரசுவும் படிக்கவேண்டும். அவள் தருமபுரி டவுனில் பிறந்தவள். அம்மா, எங்கள் பக்கம் காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு முதலில் காட்டுக்குள் போகிறவன், வழியில் யானை நிற்கக் கண்டால் ஊருக்குத் திரும்பி ஓடிவந்து கூவிக்கொண்டிருக்கமாட்டான். பச்சைப் புங்கங்கொம்பு ஒன்றை வெட்டிப் பாதையின் குறுக்கே கிடத்திவிட்டு, தன் மாட்டை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். பின்னால் வருகிறவன் எவனாக இருந்தாலும், தழை வாடாமல் கிடந்தால் திரும்பிவிடுவான். ஏன் என்று கேட்கமாட்டான். வைத்தவனைத் தவிர வேறு ஒருவன் அதை எடுக்கக்கூடாது. பங்காளிச் சண்டையில் வெட்டிக்கொண்டு நிற்கிறவர்கள்கூட ஒருவன் வைத்த தழையை இன்னொருவன் தாண்டியதில்லை. நான் வைத்தால் நுனிக்கொத்து ஒன்றை முறித்துத் திருப்பி, கொம்பின் நடுவிலேயே செருகுவேன். அது என் அடையாளம். பால் குடி மறந்த வயசிலேயே அதைப் பார்த்து "அப்பன் தழ" என்று கைகாட்டியவன் உன் புருஷன்.

இனி அந்த ஆடிப்பெருக்கு. உங்களுக்குக் கல்யாணமான முதல் ஆடி. புதுப்பெண்ணுக்குத் தாலிக்கயிறு மாற்றுவதை நம் குடும்பத்தில் மேல்கரையில் இருக்கும் மாட்டுத்துறையில்தான் செய்வது வழக்கம். கல்லும் சேறுமான இடம், ஏற்ற இறக்கமான வழி. உன் ஆத்தாவுக்கு நான் அங்கேதான் கயிறு மாற்றினேன். சம்பந்தி முதல் நாளே வந்து நம் வாசலில் நின்றுகொண்டு, "மாட்டுத்துறைங்கறீங்களே சம்பந்தி, பேருலயே சாணி நாத்தம் அடிக்குதே! நம்ம மாப்ள அங்க அழகாப் படி கட்டி வெச்சிருக்காரு, ரேஞ்சர் ஐயாவும் வரேன்னிருக்காரு. எங்க வூட்டுப் பொம்பளைங்க வழுக்கி வுழுந்தா நீங்களா தூக்குவீங்க?" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். அப்போதுதான், "என் பேச்சக் கேக்காம அந்தப் படிக்கு எப்படிப் போறீங்கன்னு நானும் பாக்கறேன்" என்று சொன்னேன். சொன்னதை நான் மறுக்கவில்லை. கோபத்தில் சொன்னேன், சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அதற்குமேல் உன் மாமனாரோடும் உன்னோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று எழுந்து பட்டிக்குப் போய்விட்டேன்.

விடிந்ததும் வழக்கம்போல மாட்டை ஓட்டினேன். பூங்காவைத் தாண்டிப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், முன்னால் போன செவலைப் பசு நின்றுவிட்டது. அந்தப் பசுவை உனக்கு நினைவிருக்கும். அதன் தாயின் பாலைக் குடித்து வளர்ந்தவன் நீ. காற்று ஆற்றுப் பக்கமிருந்து என் முகத்தில் அடித்தது. பெருசின் வாடை, யானையை நாம் அப்படித்தானே சொல்வோம். பசுவின் கழுத்து மணிக்குள் ஒரு பிடி புல்லைத் திணித்துச் சத்தத்தை அடக்கிவிட்டு, மேல்கரைப் பாறைமேல் ஏறிப் பார்த்தேன். படித்துறையில் பெண்யானை ஒன்று நின்றது. அதன் குட்டி, பிறந்து அதிக நாள் ஆகாதது, பாசி பிடித்த படியில் வழுக்கி இரண்டு படிக்கல்லுக்கு நடுவே பின்காலைக் கொடுத்துவிட்டு எழமுடியாமல் கிடந்தது. மண் சரிவாக இருந்தவரை எந்தக் குட்டியும் அங்கே மாட்டியதில்லை. தாய் துதிக்கையால் அதைத் தள்ளுவதும், தலையை உயர்த்திக் காற்றை முகர்வதும், மறுபடி தள்ளுவதுமாக இருந்தது. அந்த நிலையில் இருக்கும் தாயின் எதிரில் எதுவும் போகக்கூடாது.

இறங்கிவந்து கொம்பை வெட்டினேன். படித்துறைக்கு இறங்கும் பாதையில், உன் வெள்ளைக்கல் ஆரம்பிக்கிற இடத்திலேயே, குறுக்கே கிடத்தினேன். நுனிக்கொத்தை முறித்துச் செருகினேன். இனி அங்கே ஒருவரும் இறங்கமாட்டார்கள் என்று நம்பி மாடுகளை மேல்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அந்த இடத்தில் நடந்ததை உன் ஆத்தா பின்னால் சொல்லித்தான் அறிந்தேன். நீ காக்கியோடு முன்னால், அடுத்து சரசு, அவள் பின்னால் தேங்காய்க் கூடையோடு உன் ஆத்தா, பிறகு சம்பந்தி வீட்டுப் பெண்கள். தழையைப் பார்த்ததும் நீ நின்றாய். குனிந்து பார்த்தாய். செருகியிருந்த கொத்தைத் தொட்டும் பார்த்தாயாம்.

"மாது, இது உங்கப்பன் தழடா. பச்சையா கெடக்குது. திரும்பிருவோம்" என்றாள் உன் ஆத்தா.

"அப்பன் தழதான் ஆத்தா. அதனாலதான் சொல்றேன், நேத்து வாசல்ல என்னா சொன்னாரு? எப்படிப் போறீங்கன்னு பாக்கறேன்னாரில்ல? வீம்புக்குக் கொண்டாந்து போட்டிருக்காரு."

"வீம்பு புடிச்ச மனுசந்தான். ஆனா தழையில வெளையாட மாட்டாருடா."

பின்னாலிருந்து சம்பந்தி, "என்னா மாப்ள, உங்கப்பாரு நமக்குத் தோரணம் கட்டி வெச்சிருக்காரா?" என்றாராம். பெண்கள் சிரித்தார்களாம். நீ என் தழையை எடுத்து ஓரமாக வீசினாய்.

மாதையா, நான் இத்தனை நாளும் மென்று விழுங்கமுடியாமல் வைத்திருப்பது இதைத்தான். அந்த இடத்தில் முன்பின் தெரியாத ஒருவன், நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருவன் தழை வைத்திருந்தால் நீ திரும்பியிருப்பாய். யார் வைத்தது என்று தெரியாமல் இருந்திருந்தாலும் திரும்பியிருப்பாய். என்னுடையது என்று தெரிந்ததால்தான் தாண்டினாய். ஊரில் எவன் கையையும் நம்புகிற நீ, உன் அப்பன் கையை மட்டும் நம்பவில்லை. உன் ஆத்தாவிடம் "நீயுமா தாண்டினே?" என்று கேட்டேன். "புள்ள கூப்பிட்டான், நான் என்னா பண்ணுவேன்? உங்க தழயத் தாண்டறப்ப காலு கூசுச்சு. தாண்டிட்டேன்" என்றாள். 

மேல்கரையில் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. முதலில் அது பூங்காவிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். பிறகு சத்தம் இறங்கிவந்தது. பாறைமேல் ஏறிப் பார்த்தால், மருத மரங்களுக்கு நடுவே உன் காக்கித் தொப்பியும் சரசுவின் மஞ்சள் சேலையும் தெரிந்தன. இன்னும் ஒரு திருப்பம்தான் பாக்கி. யானை அசைவதை நிறுத்தி, காதை விரித்துக்கொண்டு உங்கள் பக்கம் திரும்பி நின்றுவிட்டது. கூவினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆற்று இரைச்சலில் நான் சொல்வது உங்களுக்கு விளங்காது, விளங்கினாலும் நின்று அண்ணாந்து பார்ப்பீர்கள், "வீம்பு" என்று மறுபடி சிரிப்பீர்கள். யானை திரும்பவேண்டும், உங்களை விட்டு என் பக்கம் திரும்பவேண்டும். வேறு ஒன்றும் தோன்றவில்லை. செவலையின் கழுத்திலிருந்து மணியை அறுத்தேன். புல்லைப் பிடுங்கி எறிந்தேன். படித்துறைக்கு நேர் மேலே பாறை விளிம்புக்கு ஓடி, கை ஓயும்வரை ஆட்டினேன்.

திரும்பியது. அது பிளிறிய பிளிறலை நீங்களும் கேட்டீர்கள், கூடையையும் குடத்தையும் போட்டுவிட்டு ஓடினீர்கள். அது என்னைப் பார்க்கத்தானே மணியை ஆட்டினேன். என் பக்கமாகச் சரிவில் ஏறி வந்தது. நான் பாறை இடுக்கில் இறங்கிவிட்டேன். பெருசுக்கு அங்கே வர வழியில்லை. எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் ஒன்றை நான் மறந்துவிட்டேன். அந்தப் பசு தன் மணி எங்கே போகிறதோ அங்கே வருகிற பசு. கன்றாக இருந்தபோதிலிருந்து அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தது. மணி என் கையில் இருக்கிறது, சத்தம் பாறைப் பக்கம் போகிறது, அதுவும் பின்னாலேயே வந்தது. நடுவில் யானை. இதற்குமேல் எழுதத் தேவையில்லை. சத்தம் அடங்கியபின் நான் வெளியே வந்தபோது யானையும் இல்லை, குட்டியும் இல்லை. படியில் இரண்டு கல் புரண்டு கிடந்தன. தாய் பெயர்த்துத் தள்ளியிருக்கவேண்டும். பசு மட்டும் கிடந்தது.

அதற்குப் பிறகு நீ செய்ததை ஊர் அறியும். ரேஞ்சர் விசாரித்தபோது, "எங்கப்பாவோட மாட்டு மணிச் சத்தத்துலதாங்க யானை மெரண்டு போச்சு" என்று சொன்னாய். நீ பொய் சொன்னதாக நான் எழுதவில்லை. உனக்குக் கேட்டது மணி, பின்னால் கேட்டது பிளிறல். அதைச் சேர்த்துக்கொண்டாய். மணி ஏன் அடித்தது என்று என்னை வந்து கேட்கவில்லை. ஆற்றோரம் மேய்க்க இருந்த என் பர்மிட்டை ரத்து செய்தார்கள். மிச்ச மாடுகளை நான் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். பெயர்ந்த கற்களைச் சுண்ணாம்புக் காரை போட்டு முன்னைவிடக் கெட்டியாகப் பதித்துவிட்டார்கள், அதையும் நீதான் முன்னால் நின்று செய்தாய். உன் ஆத்தாவுக்கு அன்றைக்கே தெரியும். "மாடு தலைய ஆட்டுனா மணி விட்டுவிட்டுக் கேக்கும். அது மனுசன் கையில புடிச்சு ஆட்டுன மணி. மாதுகிட்ட சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். "சொன்னா இந்த வூட்டுல நீ இருக்கவேணாம்" என்றேன். தன் அப்பன் தழையை நம்பாதவன் தன் அப்பன் மணியை நம்பி என்ன ஆகப்போகிறது என்று இருந்தது.

சரசு, உனக்கும் ஒன்று எழுதவேண்டும். நீ நிறைமாதமாக இருந்தபோது உன் மாமியாரோடு ஒருதரம் நம் வீட்டுக்கு வந்தாய். எனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாய். "அந்தத் தழ நெசந்தானுங்களே மாமா?" என்றாய். நான் கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தேன். "நெசம்னா, அத வெச்சிட்டுப் போறதுக்குப் பதிலா எங்ககிட்ட வந்து வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. நாங்க பூங்காவுலதான நின்னுக்கிட்டிருந்தோம்" என்றாய். நம் குடும்பத்தில் அதைக் கேட்டவள் நீ ஒருத்திதான். அதற்கு நான் அன்றைக்கும் பதில் சொல்லவில்லை. பூங்கா கூப்பிடு தூரம்தான். நடந்து வந்திருக்கலாம். பேசுவதில்லை என்று முதல் நாள் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான் காரணம். தழை வைத்தால் போதும், அதற்குமேல் யாரும் பேசத் தேவையில்லை என்பதுதான் எங்கள் வழக்கம், அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அது தப்பு என்று நான் எழுதமாட்டேன். ஆனால் நீ கேட்டது என் காதைவிட்டுப் போகவில்லை. இந்தக் காகிதம் உனக்கான பதில் என்று வைத்துக்கொள். வாயால் வராதது கையால் வருகிறது.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். மாட்டுத்துறையில் முடி எடுங்கள் என்று நான் கெஞ்சப்போவதில்லை. அதைச் சொல்லிச் சிரிப்பு வாங்கிக்கொண்டது போதும். உங்கள் படியிலேயே எடுங்கள். ஆனால் இந்த ஆடியில் மழை மேற்கே முன்னதாகவே பிடித்துவிட்டது. மூங்கில் துளிர்த்திருக்கிறது. யானைக் கூட்டம் இந்தப் பக்கம் இறங்கியிருப்பதை எங்கள் கொல்லையில் கிடக்கும் யானை லத்தியை வைத்தே சொல்கிறேன். இப்போது அந்த வழியில் காலையில் முதலில் மாடு ஓட்டிப் போக ஒருவரும் கிடையாது. தழை வைக்கவும் ஆள் கிடையாது. வெள்ளைக்கல் மட்டும்தான் இருக்கிறது. அது யாரையும் நிறுத்தாது, வா என்றுதான் சொல்லும்.

ஆகவே அன்று காலையில் உங்களுக்கு முன்னால் நான் போவேன். அனுமதியில்லாமல் அந்த எல்லைக்குள் நுழைவது குற்றம் என்பது தெரியும். கேஸ் போடவேண்டியவன் நீதான், போட்டுக்கொள். என் முழங்கால் முன்னைப்போல் இல்லை, கண்ணும் தூரத்தில் மங்கல்தான். மூக்கு இன்னும் இருக்கிறது. பாதை பிரியும் இடத்தில் தழை இல்லையென்றால், நான் பார்த்துவிட்டேன், வழியில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பேரனோடு தாராளமாக இறங்குங்கள். என்னைத் தேடவேண்டாம். நான் வேறு வழியாக வீட்டுக்குப் போயிருப்பேன். நுனிக்கொத்து செருகிய தழை கிடந்தால் திரும்பிவிடு. வீம்புக்கு வைத்தேன் என்று நினைத்துக்கொண்டே வேண்டுமானாலும் திரும்பு, எனக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் போதும். உன் மாமனார் சிரித்தால் சிரிக்கட்டும்.

செவலையின் மணியை நான் விற்கவில்லை. உள்ளே புல்லைத் திணித்து இடுப்பில் கட்டிக்கொண்டு போவேன். ஒருவேளை நீ தழையைத் தாண்டிவிட்டாயானால், அந்தச் சத்தத்தைக் கேட்பாய். கேட்டதும் ஓடு. இந்த முறை மாட்டு மணி என்று ரேஞ்சரிடம் உன்னால் சொல்லமுடியாது.

என்னிடம் மாடு இல்லை.

உன் அப்பன்